குடிவைக்க ஒரு வீடு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வுப் பணமும் சேமிப்புமாகக் கையில் ஒரு தொகை இருக்கிறதாம். பெண்ணுக்கு விவாகம் முடிந்துவிட்டது. பிள்ளை வெளியூரில் வேலை பார்க்கிறான். குடியிருக்கச் சொந்த வீடு உண்டு. "இருப்பதைப் போட்டுச் சென்னையில் ஒரு பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டால் மாதம் பிறந்தால் பணம் வருமல்லவா? எந்தப் பேட்டையில் வாங்குவது? எப்படிப்பட்டவர்களைக் குடிவைப்பது?" என்று கேட்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பல குடும்பங்களில் நடக்கும் ஆலோசனைகளில் இதே கேள்வி அடிபடுவதை நாம் அறிவோம். ஆகையால் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறோம்.

செங்கல்லின் மேல் நம்மவர்களுக்கு உள்ள நம்பிக்கை காரணமின்றி வந்ததல்ல. 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வெள்ளைக்காரர் கம்பெனி ஆயிற்றே என்று அதைக் கோட்டையாக நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் வெறுங்கையுடன் நின்றன. அந்த அடியின் வேதனையிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியவர்களின் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கி பிறந்தது. சுதேசிப் பாங்கி பிறந்துங்கூட, "காகிதம் போகும், மனை போகாது" என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஆனால் மனை போகாவிட்டாலும் மனையில் குடியிருப்பவர்கள் போய்விடக்கூடும். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்ட செய்தி வந்ததும் சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குக் கிளம்பியது. தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகையை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அன்று வீடு இருந்தது, வருமானந்தான் இல்லை. வீட்டில் மனிதர் இருந்தால்தான் அது முதலாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

முதலில் கணக்கு. 80 லட்ச ரூபாய்க்கு ஒரு பிளாட் என்றும், அதற்கு மாதம் 20,000 ரூபாய் வாடகை என்றும் வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு 3. இந்த இடத்தில் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். நமது பெருநகரங்களில் குடியிருப்பு வீடுகளின் வாடகை பெரும்பாலும் இந்த அளவிலேதான் நிற்கிறது. இதிலிருந்து நகரசபை வரி, வெள்ளையடிப்பு, குழாய் ரிப்பேர், ஒருவர் காலி செய்து மற்றொருவர் வருவதற்குள் பூட்டிக் கிடக்கும் மாதம், தரகருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால், 2 லட்ச ரூபாய் மிஞ்சினால் பாக்கியம். தபாலாபீஸ் சேமிப்புப் பத்திரம் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். நடுராத்திரியில் குழாய் ஒழுகுகிறதென்று நம்மை எழுப்பவும் செய்யாது. பாங்கியில் நூற்றுக்கு 8 வட்டிக்குக் கடன் வாங்கி, நூற்றுக்கு 3 வருமானம் பார்க்கிறவரைப் பற்றி நாம் என்ன சொல்வது? அவர் குடியிருப்பவருக்கு மாதாமாதம் தானம் செய்துகொண்டிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மனை விலை ஏறுமே!" என்று கேட்கலாம். ஏறும். பல இடங்களில் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் மனை விலை ஏறிவிட்ட சமாசாரத்தைச் சொல்லிப் பால்காரருடைய பாக்கியைத் தீர்க்க முடியாது. மேலும் ஏறுவது நிலந்தானே தவிரக் கட்டடம் அல்ல. கட்டடம் வருஷத்துக்கு வருஷம் கிழடு தட்டுகிறது. ஆகவே பிளாட் வாங்குகிறவர்கள் பளிங்குத் தரையையும் வாசலில் உள்ள நீரூற்றையும் பார்த்து மயங்காமல், பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதை முதலில் கேட்க வேண்டும். வருமான வரியிலே ஒரு சலுகை உண்டென்பதையும் சொல்லிவிடுகிறோம். வாங்கிய வாடகையில் நகரசபைக்குக் கட்டிய வரி போக, மிச்சத்தில் நூற்றுக்கு 30 பங்கைச் செலவு என்று கழித்துக்கொள்ளலாம். ரிப்பேருக்கு உண்மையில் எவ்வளவு செலவழித்தோம் என்று ரசீது காட்ட வேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வீடுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு, எங்கே வாங்குவது என்ற விஷயம். இதைத் தம்முடைய கண்ணால் பார்க்கிறவர்களே அதிகம். தாம் வழக்கமாகப் போகும் கோயில், தம் மைத்துனர் வீடு, தம் மனைவிக்குப் பிடித்த கடைவீதி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் தேடுகிறார்கள். குடிவரப் போகிறவருக்கு நம் மைத்துனரால் என்ன பிரயோஜனம்? அவருடைய கண்ணால் பார்க்க வேண்டும். காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மழை நாளில் எப்படித் திரும்புவது என்பவைதாம் அவருடைய கவலைகள்.

சென்னையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஜார்ஜ் டவுனில் ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா திருவல்லிக்கேணி 'ஸ்டோர்' வீட்டில் ஒரே குழாயடியில் பத்துக் குடும்பங்களுடன் இடிபட வேண்டிய அவசியம் குறைந்தது. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் காற்றோட்டமாகக் குடியிருந்துகொண்டு வேளைக்கு ஆபீசுக்குப் போய்ச் சேரலாம் என்று ஆயிற்று. பின்னர், 2000-ஆம் வருஷத்தில் தரமணியில் டைடல் பார்க் வந்தது. தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழும்பின. 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. நேற்றுவரை ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் வாடகை மளமளவென்று ஏறியது. ரயில் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் வாடகையும் போகிறது. ஆனால் 'ரயில் வரப்போகிறது' என்று தரகர் சொல்வது வேறு, ரயில் வந்திருப்பது வேறு. முன்னதை நம்பி வாங்கியவர்கள் பேரன் காலத்தில் வாடகை பார்ப்பார்கள்.

தண்ணீர் விஷயத்தை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் வீட்டுக்குத் தண்ணீர் இரண்டு விதமாகப் பகையாகிறது. வந்தும் கெடுக்கும், வராமலும் கெடுக்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை முதலிய இடங்களில் ஜனங்கள் படகிலே வெளியேற நேர்ந்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம். மழைநீர் போய்த் தங்குவதற்கென்று இயற்கை வைத்த இடம். அங்கே நாம் போய்த் தங்கினால், தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரத்தான் செய்யும். 2019 கோடையிலோ நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருக்கும்படி ஆயிற்று.

தரகர் சொல்லாததைத் தெருவின் பெயர் சொல்லிவிடும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. இன்று அங்கே நின்றால் ஏரி எதுவும் தென்படாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு இருக்கிறது. பண்டு எங்கே, டேங்க் எங்கே? தியாகராய நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டைதான். ஆகவே ஏரி இருந்த இடத்தில் வாங்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சென்னையில் பாதியை விட்டுவிட வேண்டியதுதான். நவம்பர் மாதத்தில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறையும், மே மாதத்து நடுப்பகலில் ஒரு முறையும் அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள் என்கிறோம். பக்கத்துக் கட்டடங்களின் கீழ்ச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெருமுனையில் வண்டி வைத்துக்கொண்டு இஸ்திரி போடுகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த வீட்டில் யார் எத்தனை நாள் இருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள், எந்த மாதத்தில் லாரி வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு தரகருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

நிற்க. வீட்டை வாங்கியாயிற்று. வாசலில் பலகை தொங்குகிறது. இனிக் குடிவைப்பவரைப் பற்றிப் பேச வேண்டும். இங்கேதான் நாம் வாசகர்களோடு சற்றே கடிந்து பேச வேண்டியிருக்கிறது.

'சைவம் மட்டும்' என்கிறது ஒரு பலகை. 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்கிறது மற்றொன்று. பலகையில் எழுதாததை வாயால் கேட்கிறார்கள். மாடிப் போர்ஷன் பார்க்க வந்த ஓர் இளைஞருக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கும் நடக்கும் சம்பாஷணை எந்தத் தெருவிலும் இப்படித்தான் இருக்கும்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"விருதுநகர்ப் பக்கம் அம்மா."

"வேலையெல்லாம் எப்படி?"

"கம்பெனியில் அஞ்சு வருஷமா இருக்கேன் அம்மா. சம்பளச் சீட்டு கொண்டு வந்திருக்கேன்."

"அதெல்லாம் இருக்கட்டும், தம்பி. நீங்க... என்ன ஆளுங்க?"

சம்பளச் சீட்டை அந்த அம்மாள் பார்க்கவே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வந்தவர் ஒரு முகம்மதியராக இருந்தால் கேள்விகூட இல்லை. பெயரைக் கேட்டதும், "நேற்றுத்தான் ஒருவருக்கு விட்டுவிட்டோம்" என்ற பதில் தயாராக இருக்கும். பலகை மட்டும் மறுநாளும் தொங்கிக்கொண்டிருக்கும். தனியாக வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுத நமக்கு விருப்பமில்லை. வக்கீலுக்கும் போலீஸ்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் வீடு விடக்கூடாதென்று ஒரு சம்பிரதாயமும் இருக்கிறது. மற்ற இருவரைப் பற்றி நாம் சாட்சி சொல்ல முடியாவிட்டாலும், மூன்றாமவர்கள் வாடகை ஒழுங்காகக் கொடுக்கக் கூடியவர்களே என்று சத்தியம் செய்யத் தயார்.

1917-ல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய இளைஞர் ஒருவர் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்கச் சென்றார். நல்ல சம்பளம், கௌரவமான பதவி. அந்த நகரத்தில் அவருக்குக் குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. பார்சிக்காரர் விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு சில தினங்கள் தங்கினார். விஷயம் வெளிப்பட்டதும் கையில் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. வேறு புகலிடம் இன்றி உத்தியோகத்தையே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அவர்தான் டாக்டர் அம்பேத்கர். 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவராக அமர்ந்தவருக்கு வாடகைக்கு ஓர் அறை கொடுக்க ஒரு நகரமே மறுத்தது. அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதென்று நம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். பாடம் சொல்லிக் கொடுக்கிற கூடத்துக்கு மேலேயுள்ள மாடிப் போர்ஷனுக்கு மட்டும் அந்தச் சட்டம் ஏறவில்லையென்றால் நாம் பெற்ற சுதந்திரத்துக்கு என்ன அர்த்தம்?

நியாயம் பேசினால் கேட்காதவர்கள் கணக்குப் பேசினால் கேட்பார்கள். தங்களுக்கு ஏற்ற ஜாதியும் ஏற்ற சமையலும் வந்து சேரட்டும் என்று வீட்டை 2 மாதம் பூட்டி வைத்தவர், மேற்சொன்ன கணக்குப்படி 40,000 ரூபாயை, அதாவது வருஷ வாடகையில் ஆறில் ஒரு பங்கை, அந்தப் பலகைக்கே கட்டணமாகச் செலுத்தியிருக்கிறார். 20,000 போகும் வீட்டுக்கு 21,000 கேட்டு ஒரு மாதம் பூட்டி வைத்தவரும் அப்படியே. இழந்த 20,000-ஐ மாதம் ஆயிரமாகத் திரும்ப எடுக்க 20 மாதங்கள் ஆகும். அதற்குள் குடியிருப்பவர் மலிவான வீடு பார்த்துப் போய்விடாமல் இருக்க வேண்டும்.

பின்னே எதைத்தான் விசாரிப்பது? சம்பளமோ வியாபாரமோ நிலையாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். வாடகை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறதென்றால், அந்த மனிதர் எவ்வளவு நல்லவராயினும் ஒரு பிரசவமோ வியாதியோ வந்த மாதத்தில் வாடகை நிற்கும். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஆனால் இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரரைக் கேட்பதில் பயன் குறைவு. காலி செய்து தொலைத்தால் போதும் என்றிருப்பவர் புகழ்ந்து தள்ளுவார். அவருக்கு முந்தியவர் உள்ளதைச் சொல்வார். முடிந்தால் அவர்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பிறர் வீட்டுச் சுவரை ஒருவர் எப்படி வைத்திருக்கிறார் என்பதை அங்கே நேரில் காணலாம். அவர்கள் அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

"12 வருஷம் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே சொந்தமாகிவிடும்" என்று பயந்து, தங்கமான குடித்தனத்தை 3 வருஷத்துக்கு ஒரு முறை துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயம் வீண். நம் அனுமதியுடன் வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு எத்தனை வருஷமானாலும் அதனால் சொந்தம் வந்துவிடாது. காலி மனையை வாடகைக்கு எடுத்து அதில் தாமே கட்டடம் கட்டிக்கொண்டவர்களுக்கு 1921-ஆம் வருஷத்துச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் உரிமை கொடுத்தது. அது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

பயத்துக்கு வேறு ஒரு பழைய காரணமும் உண்டு. போர்க் காலத்தில் 1941-ல் உத்தரவாகத் தோன்றி, 1946-லும் 1949-லும் சட்டமாகி, பிறகு 1960-ஆம் வருஷத்துச் சட்டமாக நிலைத்த வாடகைக் கட்டுப்பாட்டின்கீழ், வீட்டைக் காலி செய்விக்கத் தகப்பன் போட்ட வழக்கைப் பிள்ளை நடத்த வேண்டியிருந்த குடும்பங்கள் பல. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22-ந் தேதி முதல் அமுலில் இருக்கிறது. இதன்படி வாடகை என்பது இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட தொகை. ஆனால் ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்யவும் வேண்டும். பதிவுச் சட்டத்துக்கு அகப்படாமல் இருப்பதற்காக 11 மாதத்துக்கு ஒரு காகிதம் எழுதிப் பெட்டியில் வைக்கும் பழைய வழக்கம் இனி உதவாது. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. சென்னையில் 10 மாத 'அட்வான்ஸ்' கேட்டுப் பழகியவர்களுக்கு இது கசக்கலாம். தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடுவது சில வீட்டுக்காரர்களின் பிரம்மாஸ்திரம். அதற்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

காலி செய்யும் நாளில் முன்பணத்தைக் கொடுக்காமல், ஆணி அடித்த துவாரத்துக்கு இவ்வளவு, வெள்ளையடிக்க இவ்வளவு என்று பிடித்துக்கொள்வதைப் பற்றி நமக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்கில்லை. நியாயமாகப் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை விட்டாலும், போகிற குடித்தனக்காரர் மனத்தாங்கலோடு போனால், அடுத்துக் குடிவருகிறவர் விசாரிக்கப் போவது அவரையும், முன்பு சொன்ன இஸ்திரிக்காரரையுந்தான்.

கடிதம் எழுதிய வாசகருக்கு நம் அபிப்பிராயம் இது. கையிலிருப்பது முழுவதையும் ஒரே பிளாட்டில் போடுவதை நாம் ஆதரிக்கவில்லை. வைத்தியச் செலவு வரும் நாளில் சமையலறையை மட்டும் தனியாக விற்க முடியாது. அவருடைய சொந்த வீடு தனி வீடாக இருந்து, அஸ்திவாரம் தாங்கும் என்று ஓர் இன்ஜினீயர் பார்த்துச் சொல்லி, கட்ட அனுமதியும் கிடைத்தால், மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பிக் குடிவைப்பது உசிதம். நிலத்துக்குச் செலவில்லை, குடியிருப்பவர் கண் முன்னால் இருப்பார், முதியவர்கள் தனித்திருக்கும் வீட்டில் இரவில் ஒரு குரல் கூப்பிட்டால் ஓடி வர ஆளும் இருக்கும். மிச்சப் பணம் தபாலாபீசிலும் பாங்கியிலும் கிடக்கட்டும். இல்லை, பிளாட்டே வாங்குவது என்று அவர் தீர்மானித்துவிட்டாரானால், பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறோம். அதுவரையில் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காமல் இருப்பாராக.